ப்ராஜெக்ட் வாங்குறீங்களா... பண்றீங்களா?

ஃபைனல் இயரா நீங்க? அப்போ இந்த சீன் உங்களுக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

டிபார்ட்மென்ட் வராண்டா. அயர்ன் பண்ணின ஃபுல்ஹேண்ட் சட்டை, மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஷூ, கையில் தங்க எழுத்து மின்னும் காலிகோ பைண்டிங் சகிதம் வரிசையாக நிற்கிறார்கள் நம்ம மக்கள். உள்ளே எக்ஸ்டர்னல். வைவா முடித்து வெளியே வருகிறவனை மொத்தக் கூட்டமும் மொய்க்கிறது. ‘‘மச்சி, என்னடா கேட்டாரு?’’ அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான்... ‘‘ப்ராஜெக்ட் டைட்டிலைப் பார்க்காம சொல்லச் சொன்னாருடா!’’

சிரிப்பு வருதா? எனக்கு வராது. ஏன்னா, அந்த வேர்வை பார்ட்டி நான்தான்!

நான் படித்தது மைக்ரோபயாலஜி. எங்க டீமில் நாலு பேர். டிசம்பர் வரைக்கும் கேன்டீன், ஜனவரியில் பொங்கல், பிப்ரவரியில் கல்ச்சுரல்ஸ் என்று வருஷம் ஓடிவிட, மார்ச்சில் திடீரென்று ஞானோதயம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு ப்ராஜெக்ட் சென்டர் படியேறினோம். ‘ஒரு மூலிகை இலைச் சாறு பாக்டீரியாவைக் கொல்லுமா?’ என்பது தலைப்பு. கலர் போட்டோ, டேபிள், கிராஃப் எல்லாம் போட்டு பத்தே நாளில் கையில் புத்தகம். செம திக்காக இருந்தது, எங்களுக்கே பெருமை!

எக்ஸ்டர்னல் நிதானமாகப் புரட்டினார். ஒரு போட்டோவில் நின்றார். ‘‘இலைச் சாறு எதுல எடுத்தீங்க?’’

‘‘எத்தனால் சார்!’’ பளிச்சென்று சொன்னேன்.

‘‘வெறும் எத்தனாலை மட்டும் ஊத்திப் பார்த்தீங்களா? அது எவ்வளவு பாக்டீரியாவைக் கொன்னுச்சு?’’

அறைக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். அப்படியானால் போட்டோவில் பாக்டீரியாவைக் கொன்றது இலையா, எத்தனாலா? எங்களுக்குப் புத்தகம் விற்றவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. வாங்கிய எங்களுக்கும் வரவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை. புத்தகத்தை மூடிவைத்து, ‘‘போயிட்டு வாங்கப்பா’’ என்றார். மார்க் வந்தது. ஆனால், அந்த ‘போயிட்டு வாங்கப்பா’ இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்து உள்ளே போனது எங்க கிளாஸ் பெண்கள் மூன்று பேர். கிட்டத்தட்ட அதே தலைப்பு. ஆனால், காலேஜ் லேப்பில் அவர்களே ராப்பகலாக உட்கார்ந்து செய்தது. வெறும் எத்தனாலுக்கும் இலைச் சாற்றுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்று வந்துவிட்டது. ‘‘எங்க ப்ராஜெக்ட் ஃபெயிலியர் சார்’’ என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் சேரை முன்னால் இழுத்துப் போட்டு 40 நிமிஷம் பேசிக்கொண்டு இருந்தாராம். வெளியே வந்தபோது மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்!

நாங்கள் தொலைத்தது மார்க்கை அல்ல, அந்த 40 நிமிஷத்தை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால், உங்களை மாதிரியே ‘ப்ராஜெக்ட்’ பண்ணிய சில ஸ்டூடன்ட்களைச் சந்திக்க வேண்டும். வாங்க!

‘தெரியாது’ என்று எழுதிய 21 வயசு

1869. பெர்லின் பல்கலைக்கழகம். பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவனுக்கு வயது 21. கணையத்தின் மெல்லிய துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து ஆய்வேடு எழுதுவதுதான் வேலை.

கணையம் ஜீரண நீர் சுரக்கும் உறுப்பு என்பது அப்போதே தெரியும். ஆனால், அந்தச் செல்களுக்கு நடுவே தீவு தீவாகக் கொஞ்சம் வித்தியாசமான செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார் லாங்கர்ஹான்ஸ். எதற்கு இவை? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ‘இது ஜீரணத்துக்கு உதவலாம் என்று கருதப்படுகிறது’ என்று ஒரு வரியை அள்ளிவிட்டிருப்போம். அவர் பார்த்ததை அளந்து, வரிசையாக எழுதிவிட்டு, இவற்றின் வேலை என்ன என்பது எனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

1888-ல், 40 வயதில் அவர் இறந்துபோனார். அடுத்த வருஷமே, 1889-ல், மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு சர்க்கரை நோய் வந்தது. ‘ஆஹா... கணையத்துக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் இருக்கு’ என்று உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சரக்கு அந்தக் குட்டித் தீவுகளில்தான் சுரக்கிறது என்பது மெள்ள மெள்ளத் தெரிந்தது. 1893-ல் அவற்றுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. இன்சுலின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போ புரியுதா பாஸ்?

கைடு ஊருக்குப் போயிட்டார்!

அந்தத் தீவுச் சரக்கைப் பிரித்தெடுக்க அடுத்த 30 வருஷம் பலர் முட்டி மோதினார்கள். முடியவில்லை. அதுவரைக்கும் சிறு வயதில் சர்க்கரை நோய் வந்தால் ஒரே வைத்தியம்தான்... பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக்கி, சாவைச் சில மாதம் தள்ளிப்போடுவது. அவ்வளவுதான்.

1920 அக்டோபர் 31 ராத்திரி. கனடாவில் பேஷன்ட் அதிகம் வராத இளம் டாக்டர் ஃப்ரெடரிக் பான்டிங், தூக்கம் வராமல் ஒரு ஐடியாவை நோட்டில் கிறுக்கினார். அந்தக் குறிப்பில் ‘டயபடீஸ்’ என்ற வார்த்தைக்கே ஸ்பெல்லிங் தப்பு! (இங்கிலீஷ் வீக் என்று ஃபீல் பண்ணும் மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்.) ஐடியாவைத் தூக்கிக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியாடிடம் போனார். தயக்கத்துடன்தான் சம்மதித்தார் பேராசிரியர். ஒரு சின்ன லேப், சில நாய்கள், உதவிக்கு ஒரு மாணவர். இதுதான் மொத்த பட்ஜெட்.

உதவிக்கு இருந்த மாணவர்கள் இரண்டு பேர்... சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். பெஸ்ட் போனார். வயது 22. அப்போதுதான் டிகிரி முடித்திருந்தார். 1921 மே மாதம் வேலை ஆரம்பம். ஜூனில் கைடு மெக்லியாட் லீவுக்கு ஸ்காட்லாந்து கிளம்பிவிட்டார். ‘எங்க கைடு லேப் பக்கமே வர மாட்டேங்கிறார்’ என்று புலம்புகிறவர்களே, வரலாற்றைக் கவனிங்க!

அடுத்து நடந்தது ஒன்றும் சினிமா மாதிரி இல்லை. டொரன்டோ வெயில் காலம். ஆபரேஷன் செய்த நாய்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன. ஜூலை கடைசியில்தான் ஒரு நாய்க்குக் கணையச் சாற்றை ஊசி போட்டதும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. பெஸ்ட்டின் வேலை, சர்க்கரை அளவை மறுபடி மறுபடி அளந்து எழுதிக்கொண்டே இருப்பது. போர் அடிக்கும் வேலைதான். ஆனால், அந்த நம்பர்கள் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பே இல்லை.

லீவு முடிந்து வந்த மெக்லியாட் ‘சூப்பர்’ என்று தோளில் தட்டினாரா? அதுதான் இல்லை. ‘இந்த எண்கள் போதாது, திரும்பச் செய்யுங்கள்’ என்று கறாராகச் சொல்ல, பான்டிங்குக்கு வந்ததே கோபம்! ஆனால், திரும்பச் செய்தார்கள். அப்போதுதான், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த அந்த ஒரிஜினல் ஐடியாவே தேவையில்லை என்பது புரிந்தது. நாயின் கணையக் குழாயைக் கட்டி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. முழுக் கணையத்தையும் ஆல்கஹாலில் போட்டு சாறு எடுத்தாலே போதும். கவனிங்க... ஐடியா தப்பு, ஆராய்ச்சி சரி!

டிசம்பரில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் நிபுணர் டீமில் சேர்ந்தார். 1922 ஜனவரி 11. டொரன்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. ஃபெயில்! சாறு சுத்தமாக இல்லை. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. காலிப் விடாமல் உட்கார்ந்து சாற்றைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி ஊசி. இந்த முறை சர்க்கரை சரசரவென்று இறங்கியது. சாகக் கிடந்த அந்தப் பையன் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான்.

1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் மட்டும். ஸ்டூடன்ட் பெயர் லிஸ்ட்டில் இல்லை. பான்டிங் தன் பரிசுப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மெக்லியாட் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார். பான்டிங், பெஸ்ட், காலிப் மூன்று பேரும் இன்சுலின் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு விற்ற விலை... ஆளுக்கு ஒரு டாலர்! 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இன்சுலின் பாட்டில் இருந்தால், அது ஒரு பெர்லின் மாணவனின் ஆய்வேட்டில் தொடங்கி ஒரு டொரன்டோ மாணவனின் லீவு வேலையில் முடிந்த கதை.

உல்டாவா வந்த விடை

1916. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஜே மெக்லீன், செகண்ட் இயர் மருத்துவ மாணவர். பேராசிரியர் வில்லியம் ஹவல் கொடுத்த ப்ராஜெக்ட்: ரத்தத்தை உறையவைக்கும் பொருளைப் பிரித்தெடுப்பது. மெக்லீன் கல்லீரலில் இருந்து எடுத்த ஒரு பொருள் ரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது. கேட்டதற்கு நேர் உல்டா!

நாமாக இருந்தால் கீழே கொட்டிவிட்டு, ரெக்கார்டு நோட்டில் ‘எதிர்பார்த்த’ விடையை எழுதியிருப்போம். (பொய் சொல்லாதீங்க... கெமிஸ்ட்ரி லேப்பில் பியூரெட் ரீடிங்கை நாமெல்லாம் ‘அட்ஜஸ்ட்’ செய்தவர்கள்தானே!) அவர் நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஹவல் லேசில் நம்பவில்லை. ரத்தம் உறையாமல் அப்படியே நிற்பதைக் கண்ணெதிரே காட்டினார் மாணவர். அங்கிருந்து கிளம்பிய ஆராய்ச்சிதான் ‘ஹெப்பாரின்’ என்ற மருந்தாக வளர்ந்தது. இதயத்தில் ஆபரேஷன் செய்யும்போதும் டயாலிசிஸ் செய்யும்போதும் ரத்தம் உறையாமல் காப்பது அதுதான். அதைச் சுத்தப்படுத்தி மனிதர்களுக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவர 1930-களில் உழைத்த டொரன்டோ டீமின் தலைவர் யார் தெரியுமா? நம்ம சார்லஸ் பெஸ்ட்!

கிண்டியில் ஒரு கங்காரு வால்

‘அதெல்லாம் ஃபாரின் பாஸ். நம்ம ஊர் லேப்ல பர்னர்கூட எரியாது’ என்கிறீர்களா? சென்னைக்கு வாங்க.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். வயது 29. சி.வி.ராமனின் மாணவர். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், ‘கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை’ என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநார் என்று நம் உடம்பையே கட்டிவைத்திருக்கும் புரதம் அது. ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

சாம்பிளுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அதன் உதவியால் கிடைத்தது கங்காரு வாலின் தசைநார்! எக்ஸ்ரேயை அதில் பாய்ச்சி, கோபிநாத் கார்த்தா என்ற இளம் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய ஜடை மாதிரி வடிவம்.

உலகமே கைதட்டியதா? இல்லை. டி.என்.ஏ. புகழ் ஃப்ரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும், ‘அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக உட்கார முடியாது’ என்று குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் ரோஷப்பட்டதோடு நிற்கவில்லை. அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு நெருங்க முடியும் என்று இளம் சகாக்கள் வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் இருவரோடும் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1963-ல் வந்த விடைதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்கவே முடியாது என்று ஒரே படத்தில் காட்டும் மேப். உலகின் எந்த மூலையில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க இன்றும் இந்த மேப்பில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

ஒரு வைவாவில் கிடைத்த திட்டை அடுத்த ப்ராஜெக்ட் ஆக்கிய கதை இது. பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தில் இந்த வரைபடத்தை மனப்பாடம் செய்யும் நம்மில் எத்தனை பேருக்கு, அது பஸ்ஸில் தினம் கடக்கும் கிண்டியில் பிறந்தது என்று தெரியும்?

சயின்ஸ் குரூப் மட்டும்தானா?

யார் சொன்னது? 1951-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.-யில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் கிளாஸில் ஒரு ஆஃபர் வைத்தார். ஃபைனல் எக்ஸாம் எழுதுங்கள், அல்லது ஒரு டேர்ம் பேப்பர் கொடுங்கள். டேவிட் ஹஃப்மேன் என்ற மாணவர் எக்ஸாமுக்கு டிமிக்கி கொடுக்கலாம் என்று பேப்பரைத் தேர்ந்தெடுத்தார். மாதக்கணக்கில் முட்டியும் விடை வரவில்லை. ‘சரி, எக்ஸாமுக்கே படிப்போம்’ என்று எல்லாவற்றையும் தூக்கிப்போடும் நேரத்தில் பொறி தட்டியது. நீங்கள் அனுப்பும் ஜேபெக் போட்டோவும் ஜிப் ஃபைலும் இவ்வளவு சின்னதாகச் சுருங்குவதற்குப் பின்னால் அந்த ‘ஹஃப்மேன் கோடிங்’ இருக்கிறது.

1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற பிஹெச்.டி. மாணவி. ரேடியோ தொலைநோக்கியில் இருந்து தினம் கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பேப்பர் வரும். அதைக் கண்ணால் பார்த்து அலச வேண்டும். அதில் துளியூண்டு இடத்தில் ஒரு கிறுக்கல். ‘ஏதோ கோளாறு’ என்று விட்டுவிடாமல் துரத்தினார். பல்ஸார் என்ற புது வகை நட்சத்திரம் மாட்டியது. 1974 நோபல் பரிசு அவருடைய கைடுக்குப் போனது. 2018-ல் அவரைத் தேடி வந்த 30 லட்சம் டாலர் பரிசு முழுவதையும் இயற்பியல் படிக்க வழியில்லாத மாணவர்களின் ஸ்காலர்ஷிப்புக்குக் கொடுத்துவிட்டார். கிரேட்ல?

ஆர்ட்ஸ் மக்களே, உங்களுக்கும் இருக்கு. பழனி பக்கத்தில் பொருந்தல் என்று ஒரு கிராமம். 2009-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா.ராஜன் தலைமையிலான குழு அங்கே தோண்டியபோது, ஈமக் குழிக்குள் ஒரு பானை நிறைய நெல். தமிழி எழுத்து பொறித்த மண்பொருளும் அங்கே கிடைத்தது. நெல்லைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். கி.மு. 490 என்று வந்தது! தமிழ் எழுத்தின் வயது பற்றிய விவாதமே அதற்குப் பிறகு சூடுபிடித்தது. ஹிஸ்டரி படித்து என்ன ஆகப் போகிறது என்று யாராவது கேட்டால், அந்தப் பானை நெல்லைச் சொல்லுங்க.

‘அட்ஜஸ்ட்’ பண்ணினா என்ன?

சின்ன விஷயம்தானே என்று தோணும். தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் வூ சுக், 2004-லும் 2005-லும் மனிதக் கருவை க்ளோன் செய்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக அறிவித்தார். நாட்டுக்கே ஹீரோ. தபால்தலைகூட வெளியிட்டார்கள். தண்டுவடம் அடிபட்டு வீல் சேரில் இருந்தவர்கள் எழுந்து நடக்கலாம் என்று காத்திருந்தார்கள். கடைசியில், கட்டுரையில் வந்த போட்டோக்களில் சில ஒரே படத்தின் நகல்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னது அந்த நாட்டு இளம் ஆராய்ச்சியாளர்கள்தான். 2006 ஜனவரியில் பல்கலைக்கழகமே ‘தரவு ஜோடிக்கப்பட்டது’ என்று அறிவித்தது. கட்டுரைகள் வாபஸ். அந்த வீல் சேர்க்காரர்களின் நம்பிக்கையை யார் திருப்பிக் கொடுப்பது?

பயோமெடிக்கல் ஆராய்ச்சியில் ஒரு பொய் நம்பருக்குப் பின்னால் எப்போதும் ஒரு நோயாளி இருக்கிறார். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வராது. பியூரெட் ரீடிங்கில்தான் ஆரம்பிக்கும்.

சரி பாஸ், எப்படி ஆரம்பிக்கிறது?

கேள்வியைச் சின்னதாக்குங்க: ‘சர்க்கரை நோய் - ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு அல்ல, கல்யாண மண்டபம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ‘எங்க ஹாஸ்டலில் ராத்திரி 12 மணிக்கு மேல் தூங்குகிறவர்கள் வாரத்தில் எத்தனை நாள் காலை டிபனை விடுகிறார்கள்?’ என்பது கேள்வி. அளக்கலாம், எண்ணலாம், பதில் வரும்.

கன்ட்ரோல் வைங்க: எங்களுக்கு விழுந்த அடி ஞாபகம் இருக்கட்டும். மருந்து கொடுத்த குரூப் இருந்தால், கொடுக்காத குரூப்பும் வேண்டும். எத்தனாலில் கரைத்தால், வெறும் எத்தனாலும் வேண்டும்.

அனுமதி வாங்குங்க: மனிதர்களிடம் ரத்தம் எடுப்பதோ, அவர்களுடைய உடல்நிலை பற்றிக் கேட்பதோ எதுவானாலும், காலேஜின் நெறிமுறைக் குழு ஓகே சொன்ன பிறகுதான். எதிராளியின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். ‘நம்ம ஃப்ரெண்டுதானே’ என்று ஊசியோடு கிளம்பாதீங்க. எலி, முயல் என்றால் அதற்குத் தனிக் குழு உண்டு.

நோட்டு ஒன்று போடுங்க: தேதி போட்டு, பேனாவால், அன்றன்றைக்கு. தப்பானதைக் கிழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு அடியுங்க. ஆறு மாதம் கழித்து உங்களைக் காப்பாற்றப் போவது அந்த அழுக்கு நோட்டுதான்.

காப்பி வேண்டாமே: சீனியர் ரெக்கார்டு, நெட், இப்போது புதிதாக ஏ.ஐ. என்று காப்பியடிக்க வழி ஆயிரம். யு.ஜி.சி. 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதத்துக்கு மேல் காப்பி என்றால் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதைவிட முக்கியம், நீங்கள் எழுதாத வரிக்கு நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது.

கைடுகிட்ட பேசுங்க: ‘சார், டாபிக் கொடுங்க’ என்று போய் நிற்காமல், ‘சார், இந்த மூணு கேள்வியில எது நம்ம லேப்ல முடியும்?’ என்று போங்க. எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சி கைடும் இறங்கி வருவார். கேரன்டி!

காசு இல்லையா? வழி இருக்கு: எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஸ்டூடன்ட்ஷிப். இரண்டு மாத ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருகிறார்கள். சயின்ஸ், இன்ஜினீயரிங் மாணவர்களை நாட்டின் பெரிய லேப்களுக்கு இரண்டு மாதம் அனுப்ப, அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப். கல்லூரி ப்ராஜெக்ட்களுக்கே நிதி தரும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் திட்டம். தேதியும் விதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், செமஸ்டர் ஆரம்பத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒரு கண் வைங்க. கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஹெச்.ஓ.டி. கையெழுத்துக்கு ஓடினால், அவர் அன்றைக்குத்தான் லீவில் இருப்பார். இது உலக நியதி!

அந்த 40 நிமிஷம்

எல்லோரும் இன்சுலின் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ப்ராஜெக்ட் நோபல் வாங்கப் போவதும் இல்லை. பெரும்பாலும் ‘வித்தியாசம் எதுவும் இல்லை’ என்றுதான் முடியும். முடியட்டுமே! இந்த இலையில் ஒன்றும் இல்லை என்று ஒருத்தர் நேர்மையாக எழுதி வைத்தால்தான், அடுத்தவர் வேறு இலையைத் தேடிப் போக முடியும்.

எங்க காலிகோ புத்தகத்தை போன வருஷம் வீடு மாற்றும்போது பரணில் பார்த்தேன். நாலு பேரும் அதை ஒரு முறைகூட முழுசாகப் படித்தது இல்லை. பழைய பேப்பர்காரர் தராசில் வைத்தார், அட்டைக்கு எடை வராது என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. என்னுடையதாக இருந்தால்தானே வலிப்பதற்கு?

அந்த மூன்று பெண்களில் ஒருத்தியைச் சமீபத்தில் சந்தித்தேன். ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. ‘‘அந்த எத்தனால் நோட்டை இன்னும் வெச்சிருக்கியா?’’ என்று கேட்டேன். சிரித்தாள். ‘‘வெச்சிருக்கேன்பா. ஒரு ரிசல்ட் எடுத்ததும், ‘கன்ட்ரோல் பார்த்தியா?’னு அது இன்னும் கேக்குது. ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பார்த்துட்டுத்தான் போடுறேன்’’ என்றாள்.

லேப் சாவி யார்கிட்ட இருக்கு? இன்னிக்கே போய்க் கேளுங்க!